மணாலி – லே – ஸ்ரீநகர்: ஒரே ஹிமாலயன் பைக்கில் கணவன் மனைவி, 16 நாள், கூடாரத்தில் தங்கல். திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

பவானிக்கரை:

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் லடாக் கிளம்புகிறோம். வண்டி ஹிமாலயன் 411, பிஎஸ்6, 23,000 கிலோமீட்டர் ஓடியது. ரயிலில் டெல்லி வரை அனுப்பி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு மணாலி போவதாகத் திட்டம். மணாலியிலிருந்து ஜிஸ்பா ஒரு இரவு, சர்ச்சு ஒரு இரவு, சோ கர் ஏரி ஒரு இரவு, பிறகு லே. லேயில் ஒரு நாள் ஓய்வு, நுப்ரா இரண்டு நாள், அப்புறம் லாமாயுரு, கார்கில், சோனமார்க் வழியாக ஸ்ரீநகர். முடிந்தவரை கூடாரத்திலேயே தங்க விரும்புகிறோம். கொல்லிமலையிலும் வால்பாறைப் பக்கமும் கூடாரம் போட்டுப் பழக்கம் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் இருவருமே போனதில்லை.

என் எடை 74, மனைவி 58. சாமான் இப்போதைக்கு 45 கிலோ வருகிறது. அலுமினியப் பெட்டி இரண்டு, ஒரு டாப் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், அந்த எடை தனி. இது வண்டிக்கு அதிகமா? பெட்ரோலுக்கு எத்தனை லிட்டர் கேன் எடுக்க வேண்டும்? ஸ்லீப்பிங் பேக்கில் மைனஸ் 5 என்று போட்டிருக்கிறது, போதுமா? அரிசி, பருப்பு கொண்டுபோய் சமைக்கலாம் என்று மனைவி சொல்கிறார், அது நடக்குமா? ஆர்சி மனைவி பெயரில் இருக்கிறது, செக்போஸ்ட்டில் சிக்கல் வருமா?

உயரமானி:

வணக்கம் தம்பி. சாமான், பெட்ரோல் எல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். முதலில் அந்தப் பாதையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகரில் ஏறி மணாலியில் இறங்குங்கள்.

பகலில் எந்த உயரத்தைக் கடக்கிறோம் என்பதைவிட, இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் உடம்பைப் பாதிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. உங்கள் திட்டத்தில் மணாலி 2,050, ஜிஸ்பா 3,200, சர்ச்சு 4,290, சோ கர் 4,530. மூன்றே இரவில் 2,500 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள். பழகாத உடம்புக்கு இது தாங்காது.

சர்ச்சுவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது இரண்டு கணவாய்களுக்கு நடுவில் இருக்கும் சமவெளி. தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சா லா. வடக்கே போனால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவு ஏறி 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் வைத்தியம் உடனே கீழே இறக்குவதுதான். அங்கிருந்து கீழே இறங்க முதலில் மேலே ஏறியாக வேண்டும். இருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே குளிரில், உடம்பு முடியாதவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அது நடக்காது. உடம்பு பழகியபின் லே பக்கமிருந்து வந்தால் அதே சர்ச்சுவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஸ்ரீநகரிலிருந்து போட்டால் இப்படி வரும். முதல் இரவு சோனமார்க், 2,700 சொச்சம். இரண்டாம் நாள் ஸோஜி லா தாண்டி கார்கில், 2,676. மூன்றாம் நாள் நமிகா லா, ஃபோட்டு லா (4,108) ஏறி இறங்கி லாமாயுரு, 3,510. இந்த ஒரு ஏற்றம் 500-ஐத் தாண்டுகிறது, அதனால்தான் அடுத்து லேயில் மூன்று இரவு வைக்கச் சொல்கிறேன். லேயும் 3,500தான், ஏற்றமே இல்லை. ஏழாம் எட்டாம் நாள் நுப்ரா. கார்துங் லா 5,359 மீட்டர் என்றாலும் தூங்குவது 3,100 பக்கம், உடம்புக்கு நல்ல பயிற்சி. உச்சியில் படம் எடுத்துக்கொண்டு கால் மணியில் இறங்கிவிடுங்கள். ஒன்பதாம் நாள் திரும்ப லே. பத்தாம் நாள் நேராக சோ கர் போகாதீர்கள், 1,000 மீட்டர் ஏற்றம் அது. உப்ஷி தாண்டி கியா, லாட்டோ பக்கம் 4,000-ஐ ஒட்டிய கிராமங்கள் இருக்கின்றன, ஓர் இரவு அங்கே. பதினொன்று தக்லாங் லா (5,328) ஏறி சோ கர், பன்னிரண்டு சர்ச்சு, பதிமூன்று ஜிஸ்பா, பதினான்கு அடல் சுரங்கம் வழியாக மணாலி. கையில் இரண்டு நாள் மிச்சம். அதை எங்கும் செலவழித்துவிடாதீர்கள், மண்சரிவில் சாலை மூடினால் அந்த இரண்டு நாள்தான் காப்பாற்றும்.

உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். மது, தூக்க மாத்திரை இரண்டும் அந்தப் பத்து நாளும் வேண்டவே வேண்டாம், இரவில் மூச்சைக் குறைத்துவிடும்.

தலைவலி மட்டும் இருந்தால் அங்கேயே தங்கி ஓய்வு. தலைவலியோடு குமட்டல், சோர்வு சேர்ந்தால் மேலே ஏறக்கூடாது. ஓய்விலும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். இரண்டு அறிகுறிக்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, ஈரமான இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள், தள்ளாடினால் மூளையில் வீக்கம். பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை, ஓட்டுவேன்" என்றுதான் சொல்வார், ஏனென்றால் முதலில் மழுங்குவது நிதானம்தான். ஆகவே இறங்குவதா இல்லையா என்பதை நன்றாக இருப்பவர் தீர்மானிப்பதாக இருவரும் ஊரிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஆர்சி மனைவி பெயரில் இருப்பதால் தொல்லை இல்லை. ஆனால் சொந்த வண்டிதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த பைக்கை நுப்ரா, பாங்காங் பக்கம் விடமாட்டார்கள், உள்ளூர் வாடகைக்காரர்களே நிறுத்திக் கேட்பார்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, திருமணச் சான்று, இருவர் ஆதார் எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று, வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. ஒருவருடையதையாவது இப்போதே போஸ்ட்பெய்டு ஆக்கிவிடுங்கள்.

பதினேழாம்நம்பர் ஸ்பேனர்:

உயரமானி அண்ணன் சொன்ன பாதையையே வச்சுக்கோங்க. நான் வண்டிக் கணக்குக்கு வர்றேன்.

411 பிஎஸ்6 பெட்ரோல் எல்லாம் சேர்த்து 199 கிலோ. நீங்க ரெண்டு பேர் 132. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், முட்டிக்கவசம் ஆளுக்கு 9 கிலோன்னு வச்சா 18. சாமான் 45, அலுமினியப் பெட்டியும் அதோட ஃப்ரேமும் டாப் பாக்ஸும் சேர்ந்து 15. மொத்தம் 409 கிலோ. வேண்டாங்க. வண்டி ஓடும், ஆனா ரிம், ஸ்போக்ஸ், பின் ஷாக், கேரியர் வெல்டிங் நாலுல எது முதல்ல போகும்னு சொல்ல முடியாது.

பெட்டியைக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு பக்கமும் தொங்கற துணி சேடில் பேக் போடுங்க. வண்டி சாய்ஞ்சா அலுமினியப் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவுல கால் மாட்டும், அதுவும் ஒரு காரணம். எடைக் கணக்கு இப்படி வரணும்: கூடாரம், ரெண்டு ஸ்லீப்பிங் பேக், ரெண்டு மெத்தை சேர்த்து 7 கிலோ. அடுப்பு, பாத்திரம் ஒன்றரை. சாப்பாட்டுச் சாமான் 3. தண்ணி 3. துணி ஆளுக்கு 3. டூல்ஸ், ஸ்பேர் நாலரை. 5 லிட்டர் பெட்ரோல் கேனோட 4.2. மருந்து, சார்ஜர், காகிதம் 2. கூட்டினா 31 சொச்சம், பையோட எடை 3 சேர்த்தா 34. அறுபது கிலோ முப்பத்திநாலாச்சு. மொத்தம் 383.

எங்கே வைக்கிறதுங்கறது எத்தனை கிலோங்கற அளவுக்கு முக்கியம். டூல்ஸ், ஸ்பேர், பெட்ரோல் கேன் இந்த மூணும் டேங்க் பக்கத்துல இருக்கற ரெண்டு கம்பி ஃப்ரேம்ல போகட்டும். சேடில் பேக்ல கீழே சாப்பாடு, மேலே துணி. பின் கேரியர்ல ஸ்லீப்பிங் பேக், மெத்தை மாதிரி பஞ்சா இருக்கறது மட்டும். டாப் பாக்ஸ்ல பத்து கிலோ ஏத்தி, பில்லியனும் (பின்சீட்டு ஆளும்) உட்கார்ந்தா எடை பின் அச்சுக்குப் பின்னாடி போயிடும், முன் சக்கரம் லேசாகும். ஏத்தத்துல வளைவு திரும்பும்போது ஹேண்டில் மிதக்கற மாதிரி இருக்கறதும், வேகத்துல தலையாட்டறதும் இதனாலதான். சேடில் பேக் வார் சைலன்சர் பக்கம் தொங்குதான்னு பாருங்க. பின் சக்கரம் முழுசா அமுங்கும்போது இன்னும் கீழே வரும், நின்ன நிலையில நாலு விரல் இடைவெளியாவது வேணும்.

பின் ஷாக்கை சி ஸ்பேனர் போட்டு பில்லியன், சாமானுக்கான அளவுக்கு இறுக்குங்க. இறுக்கினபிறகு செயினைப் பாருங்க. சுமை ஏறினா ஸ்விங் ஆர்ம் நேராகி செயின் டைட் ஆகும். காலி வண்டியில சரியா இருந்த செயின், ரெண்டு பேர் உட்கார்ந்தா கம்பி மாதிரி நிக்கும், கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கைத் தின்னுடும். சக்கரத்தைச் சுத்தி அதிகமா டைட் ஆகற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கே மேனுவல்ல சொன்ன தளர்வோட மேல் எல்லைக்கு வைங்க. அப்புறம் மனைவியை உட்கார வச்சு இன்னொருதரம் பாருங்க.

அடுத்து ஸ்போக்ஸ். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஸ்க்ரூடிரைவரோட இரும்புத் தண்டால பின் சக்கரக் கம்பி ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டே சக்கரத்தைச் சுத்துங்க. இறுக்கமான கம்பி 'டிங்'னு கணீர்னு சொல்லும். தளர்ந்தது 'தொக்'குன்னு மட்டமா சொல்லும். காது ரெண்டு நிமிஷத்துல பழகிடும். ஒண்ணு ரெண்டு தொக்குன்னா ஸ்போக் கீ வச்சு கால் திருப்பு இறுக்கிப் பாருங்க. அடுத்தடுத்து நாலஞ்சு கம்பி அப்படின்னா ரிம்மை ட்ரூயிங் (கோணல் எடுக்கறது) பண்றவர்கிட்ட கொடுக்கணும், நீங்களே இறுக்கினா ரிம் கோணிடும். ஊர்ல ஒருதரம், லேயில ஒருதரம், சோ கருக்கும் சர்ச்சுவுக்கும் நடுவுல வர்ற பாங் தாண்டி ஒருதரம் தட்டிப் பார்க்கணும். கேரியர் போல்ட் எல்லாத்துக்கும், அதிர்வுல கழலாம பிடிக்கற நீல லாக்டைட் பசை போட்டு, காலையில கிளம்பும் முன்னாடி கையால ஆட்டிப் பாருங்க.

டயர் காற்று விஷயத்துல நிறையப் பேர் குழம்பறாங்க. கேஜ் காட்டறது வெளிக்காற்றைவிட டயர்ல எவ்வளவு கூடுதல்ங்கறதை மட்டும்தான். கடல் மட்டத்துல வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ, லேயில சுமார் 9.5, தக்லாங் லா உச்சியில ஏழரைக்கு மேல கொஞ்சம். ஈரோட்டுல சரியா அடிச்ச டயர் லேயில அஞ்சு பிஎஸ்ஐ வரை கூடுதலா காட்டும், குளிர் அதுல பாதிக்கு மேல குறைக்கவும் செய்யும். அதனால லேயில, காலையில, டயர் குளிர்ந்திருக்கும்போது பில்லியனுக்கான அளவுக்குப் புதுசா வைங்க. அங்கிருந்து கணவாய் உச்சியில ரெண்டு கூடும், மணாலி இறங்கினா ரெண்டு குறையும். மண் ரோடுன்னு பாதியா இறக்கிடாதீங்க. இந்த எடையில கல்லு மேல ஏறினா டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஒரு பேட்ச்ல அடைபடாது.

அதனால 21 இன்ச் முன் டியூப் ஒண்ணு, 17 இன்ச் பின் டியூப் ஒண்ணு ஸ்பேர். டயர் லீவர் மூணு, வால்வ் கீ, கைபம்ப், பேட்ச், ரப்பர் சொல்யூஷன், டயர் விளிம்புல தடவ சோப்புத்துண்டு. கிளம்பும் முன்னாடி பின் சக்கரத்தை நீங்களே வீட்டுல ஒருதரம் கழட்டி டியூப் மாத்தி மாட்டிப் பாருங்க. வழியில வர்ற மோர் சமவெளியில முதல்தரம் கத்துக்கற வேலை இல்லை இது. அப்புறம் கிளட்ச் ஒயர், ஆக்ஸிலேட்டர் ஒயர், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், செயின் லாக், ஃப்யூஸ், ஸ்பார்க் பிளக், எம்-சீல், கேபிள் டை, ரெண்டு மீட்டர் கட்டுக்கம்பி. பழைய கிளட்ச் ஒயரை ஊர்லயே மாத்தி, பழசை ஸ்பேரா வச்சுக்கறது நல்லது. அந்தப் பழைய ஒயரை எண்ணெய் போட்டு புது ஒயர் மேலேயே டேப் ஒட்டி ரெண்டாவதா ஓட விட்டீங்கன்னா, அறுந்தா முனையை மாட்டறது மட்டும்தான் வேலை.

பிரேக் ஆயில் டாட் 4 புதுசா மாத்துங்க. அது ஈரம் இழுக்கும், ஈரம் இழுத்தது சூட்டுல சீக்கிரம் கொதிக்கும், கொதிச்சா லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஸோஜி லாவும் தக்லாங் லாவும் இறங்கும்போது ரெண்டாவது மூணாவது கியர்ல இன்ஜினே பிடிக்கட்டும். பின் பிரேக்ல காலை வச்சுக்கிட்டே இறங்கக்கூடாது.

ஏத்தத்துல 5,000 மீட்டர்ல காற்று பாதிதான், இன்ஜினும் அதுக்கேத்த பலம்தான் தரும். எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டி பெட்ரோல் கலவையைச் சரிபண்ணிக்கும், இல்லாத காற்றைக் கொண்டுவராது. வளைவுல முதல் கியருக்கு வந்துடுங்க. ரெண்டாவது கியர்ல கிளட்ச்சைப் பாதி பிடிச்சு இழுத்தீங்கன்னா பிளேட் எரியும் வாசனை அங்கேயே வரும்.

பெட்ரோல்: லே பக்கம் கருங்கற ஊர் பங்க்ல நிரப்பினா அடுத்து நம்பிக்கையான பங்க், ஜிஸ்பா தாண்டி வர்ற டாண்டிதான். டாண்டியில "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு போர்டே இருக்கும், அது லே வரைக்கும் உள்ள கணக்கு. கருவுல இருந்து 330, சோ கர் போய்வர 40க்கு மேல. டேங்க் 15 லிட்டர், ரெண்டு பேரோட லிட்டருக்கு 24 கிடைச்சா 360. பத்தாது. 5 லிட்டர் ஒரு கேன் போதும், ரெண்டு வேண்டாம். கேனை விளிம்பு வரை நிரப்பாம மேலே பத்துல ஒரு பங்கு விடுங்க. உயரத்துல கேன் உப்பிக்கும். மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, கால் திருப்பு திருப்பி 'உஸ்'ஸுன்னு காத்து போனபிறகு முழுசா திறங்க.

ரயில்ல அனுப்பும்போது டேங்க்கை முழுசா வடிக்கணும், கேன்ல கொண்டுபோகவும் கூடாது. கண்ணாடியும் விண்ட்ஷீல்டும் கழட்டி உங்க கூடவே எடுத்துக்கோங்க.

பவானிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா. பாதையைத் திருப்பிவிட்டோம், டெல்லியிலிருந்து ஜம்மு வழியாக ஸ்ரீநகர். பெட்டிகளை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம். ஓடைகளைக் கடப்பது பற்றியும், கூடாரம், சமையல் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. மனைவி இதைப் படித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் உட்காருபவர் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

பின்னிருக்கை:

உங்க மனைவிக்கே எழுதுகிறேன்.

தங்கச்சி, ஓட்டுகிறவருக்கு கை, கால், கண் எல்லாம் வேலையில் இருப்பதால் உடம்பு சூடாக இருக்கும். பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் குளிரும். அவர் போடுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள்: உடம்பை ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், ரைடிங் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. மழை இல்லாவிட்டாலும் கணவாய் ஏறும் முன்பே மழைக்கோட்டைப் போட்டுவிடுங்கள், காற்றைத் தடுப்பது அதுதான். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். கையுறை நனைந்தால் பாத்திரம் கழுவும் பெரிய ரப்பர் கையுறையை அதன் மேல் மாட்டலாம், நூறு கிராம்கூட எடை இல்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் இரண்டு காலும் ஊன்றி முன் பிரேக் பிடித்து "ம்" என்று சொன்ன பிறகு இடது ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து ஏறுங்கள். மொத்தம் 380 கிலோ வண்டி சரளைக்கல்லில் சாய்வது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, சொல்லாமல் இறங்கும்போதுதான். 50 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். முழங்கால் மடங்கியே இருந்தால் மாலையில் நீட்ட முடியாது.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். வழியில் கழிப்பறை இல்லை என்று பெண்கள் பலர் காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வறண்ட காற்றில் நாவறட்சியால் வரும் தலைவலியும் உயர நோயின் தலைவலியும் ஒன்றுபோலவே இருக்கும், எது எதுவென்று தெரியாமல் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள், ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் அதில் போகட்டும். மறைவுக்கு ஒரு பழைய பாவாடையை நாடாவோடு எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் மாட்டினால் முழு மறைப்பு. மோர் சமவெளியில் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. மாதவிடாய் தேதி கணக்கில் வராவிட்டாலும் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள், உயரத்தில் தேதி தள்ளியும் வரும், முன்னேயும் வரும். பயன்படுத்தியதைப் புதைக்காமல் தடித்த பையில் போட்டு லேக்கோ மணாலிக்கோ கொண்டுவந்துவிடுங்கள், அந்தக் குளிரில் எதுவும் மக்காது.

ஓடைகள். பனி உருகிய தண்ணீர் காலையில் கணுக்கால் அளவு இருக்கும், மாலை மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். பாராலாச்சா பக்கத்தை மதியத்துக்குள் தாண்டிவிடும்படி கிளம்புங்கள். தண்ணீரைக் கண்டதும் நீங்கள் இறங்கிவிட வேண்டும். பூட்ஸைக் கழற்றி, பின் வார் வைத்த செருப்போடு முதலில் நீங்கள் நடந்து ஆழம் பாருங்கள். ஒரு கம்பு ஊன்றி, நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நடக்க வேண்டும். எந்தத் தடத்தில் கல் குறைவு என்று அக்கரையிலிருந்து கைகாட்டுங்கள். அவர் முதல் கியரில், ஒரே சீரான ஆக்ஸிலேட்டரில், கிளட்ச்சைத் தொடாமல் வர வேண்டும். தண்ணீரில் நின்றுவிட்டால் அங்கேயே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. தள்ளிக் கரையேற்றி, ஏர் ஃபில்டர் நனைந்ததா என்று பார்த்த பிறகுதான் பட்டனில் கை.

ஸ்லீப்பிங் பேக் விஷயம் முக்கியம். லேபிளில் இரண்டு மூன்று எண் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு பெண் குளிராமல் தூங்கும் அளவு. 'லிமிட்' என்பது ஓர் ஆண் சுருண்டு படுத்தால் தாங்கும் அளவு. கடையில் பெரிதாக அச்சடிப்பது லிமிட்டையோ அதற்கும் கீழேயுள்ள எக்ஸ்ட்ரீமையோதான். செப்டம்பர் தொடக்கத்தில் சோ கரிலும் சர்ச்சுவிலும் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். உங்கள் பையில் கம்ஃபர்ட் என்று தேடிப் பாருங்கள், மைனஸ் 5 அங்கே இருந்தால் போதும். லிமிட்டில் இருந்தால் உங்களுக்கு மட்டுமாவது வேறு வாங்க வேண்டும். ஒன்று இடது ஜிப், ஒன்று வலது ஜிப் என்று ஒரே மாடலில் வாங்கினால் இரண்டையும் இணைத்து ஒரே படுக்கை ஆக்கலாம். இருவர் சூடும் சேரும், ஆனால் தோள்பட்டைப் பக்கம் காற்று புகும், அங்கே ஒரு சால்வையை அடைத்துவிடுங்கள்.

மேலே எவ்வளவு போர்த்தினாலும் தரை உறிஞ்சிவிடும். உடம்பு அழுத்தும் இடத்தில் பையின் பஞ்சு நசுங்கி வெறும் துணியாகிவிடுகிறது. அதனால் மெத்தையின் ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) நான்குக்குக் குறையாமல் பாருங்கள். காற்றடைத்த மெத்தை மட்டும் என்றால் ஒரு முள் போதும், அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்று போடுங்கள். படுக்கும் முன் சுடுதண்ணீரை நல்ல மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்தால் பாதி இரவு தாங்கும், காலையில் உறையாத குடிதண்ணீரும் ஆகும். போன், பவர்பேங்க், தண்ணீர் ஃபில்டர் மூன்றையும் பைக்குள் வைத்துத் தூங்குங்கள். உறைந்த ஃபில்டர் உள்ளே வெடித்திருக்கும், வெளியே தெரியாது.

கூடாரம் இரட்டைச் சுவர், மூன்று பேர் அளவு, 3 கிலோவுக்குள். இருவர் அளவு என்று எழுதியதில் இரண்டு ஹெல்மெட்டும் பூட்ஸும் வைக்க இடம் இருக்காது. மதியத்துக்குமேல் காற்று எழும். குறுகலான பக்கம் காற்றைப் பார்க்கட்டும். அங்கே தரை மணலும் சரளையும், கூடாரத்தோடு வரும் மெல்லிய முளை பிடிக்காது. கயிற்று முனையில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி, அந்தக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் கயிற்றின் மேல் பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி நிற்கும். பைக்கில் கயிற்றைக் கட்டாதீர்கள், சைட் ஸ்டாண்ட் இரவில் மணலில் புதைந்தால் வண்டி கூடாரத்தின் மேல்தான் விழும். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல். வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் வேண்டவே வேண்டாம். 2010 ஆகஸ்ட்டில் லேயை அடித்துக்கொண்டுபோன வெள்ளம் இரவில் கொஞ்ச நேரம் கொட்டிய மழையில் வந்தது.

சமையல். அரிசி, பருப்பு மறந்துவிடுங்கள். லேயிலேயே தண்ணீர் 88 டிகிரியில் கொதித்துவிடும், சோ கரில் 85. வெகுநேரம் வைத்தாலும் பருப்பு சரியாக வேகாது, காஸ்தான் தீரும். குக்கர் ஒரு கிலோவுக்கு மேல். அவல்தான் சரி: கெட்டி அவலை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கலந்தால் புளி அவல். வறுத்த ரவை, சத்துமாவு, பருப்புப்பொடி, நெய் கால் கிலோ. குளிரில் நெய் உடம்புக்கு நல்லது. காஸ் சிலிண்டரை ரயிலில் எடுத்துவரக் கூடாது, லே கடைத்தெருவில் கிடைக்கும். அதுவரை தாபாவில் சாப்பிடுங்கள். இருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காஸ் என்று கணக்கு, 230 கிராம் சிலிண்டர் ஒன்று நான்கு இரவுக்குச் சரியாக வரும், இரண்டு வாங்குங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியில் சோர்ந்துவிடும், ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்ததா என்று பாருங்கள். எவ்வளவு குளிர் அடித்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

உயரமானி:

சகோதரி சொன்னதோடு சோ கர் பற்றி இரண்டு விஷயம். அது 2020இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த ஈரநிலம். லடாக்கின் மாநிலப் பறவையான கருங்கழுத்துக் கொக்கு அந்தச் சதுப்பில்தான் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிறது. கரையில் கூடாரம் போடவும் புல்வெளியில் பைக் இறக்கவும் வேண்டாம், துக்ஜே கிராமத்தில் கேட்டுவிட்டு வீடுகளை ஒட்டிப் போடுங்கள். ஏரித் தண்ணீர் உப்பு, குடிக்க முடியாது, கிராமத்தில்தான் நிரப்ப வேண்டும். அங்கே தெருநாய்கள் கூட்டமாகத் திரியும். சாப்பாட்டுப் பையை வெளி வராந்தாவில் விடாமல் உள்ளே வையுங்கள், இரவில் வெளியே போனால் இருவரும் டார்ச்சோடு சேர்ந்தே போங்கள்.

ஸோஜி லாவில் எந்தப் பக்க வண்டியை எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும், சோனமார்க்கில் முந்தைய நாள் மாலையே போக்குவரத்துப் போலீசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கம் திறந்தபின் அதற்கு முந்தைய பகுதி எளிதாகிவிட்டது, ஆனால் கணவாய் இன்னும் பழைய மண் பாதைதான். மழை பெய்த மறுநாள் காலை அது சேறு. அன்று அரை நாள் தாமதமாகக் கிளம்பினாலும் கார்கில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பவானிக்கரை:

லேபிளைப் பார்த்தேன். மைனஸ் 5 என்பது லிமிட், கம்ஃபர்ட் 1 டிகிரி என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. மனைவிக்குக் கம்ஃபர்ட் மைனஸ் 6 உள்ள வேறு பை பார்க்கிறோம். இந்த ஞாயிறு பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பார்க்கிறேன். ஸ்போக்ஸில் மூன்று கம்பி பக்கத்துப் பக்கத்தில் 'தொக்'கென்று சொல்கிறது, நானே இறுக்கலாமா?

பதினேழாம்நம்பர் ஸ்பேனர்:

மூணும் அடுத்தடுத்துன்னா நீங்க தொடாதீங்க. சக்கரத்தைச் சுத்திவிட்டு, ஸ்விங் ஆர்ம்ல ஒரு கேபிள் டையைக் கட்டி அதோட முனை ரிம்மை உரசற மாதிரி வச்சுப் பாருங்க. ஒரு இடத்துல உரசி இன்னொரு இடத்துல விலகினா ரிம் ஏற்கனவே கோணியிருக்கு. டயரோட கழட்டி ட்ரூயிங் பண்றவர்கிட்ட கொடுங்க, டியூப் மாத்திப் பழகறதும் அதோடயே ஆயிடும். சரிபண்ணி வந்தபிறகு சுமையோட 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி தட்டிப் பாருங்க, புதுசா இறுக்கின கம்பி ஒருதரம் உட்காரும்.